போர்வெல் தண்ணீரில் நிமிர்ந்த முளைகள்

முரளி,

நாளை மத்தியானம் கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்க நீ அடுகோடிக்கு வருவாய். கிளம்பும்போது இந்தக் கடிதத்தை உன் பையில் வைப்பேன். என் எதிரில் பிரிக்காதே. சந்தாபுராவில் உன் ரூமுக்குப் போய், கை கால் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படி. வெறும் வயிற்றில் படிக்கிற சமாசாரம் இல்லை இது. வாயால் சொல்லியிருக்கலாம்தான். உன் அம்மா வாயாடி என்று இந்தச் சந்து முழுக்கத் தெரியும். உன் அப்பாவின் லேத் ஓடும் சத்தத்தையும் மீறிப் பேசுகிறவள் நான். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று வருடமாக வாயைத் திறக்கவில்லை. அப்படித் திறக்காமல் இருந்ததால் நீ உன் வேலையை விட்டாய், உன் மேலேயே உனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதை வரும் சனிக்கிழமைக்கு முன்னால் உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஏன் சனிக்கிழமை என்பதையும் இதிலேயே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை விவேக் நகரிலிருந்து கவிதாவின் அப்பாவும் அம்மாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். அவள் அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்: "நீங்க முன்னாடி விதைக் கம்பெனியில ஃபீல்டு ஆபீசரா இருந்தீங்களாமே மாப்ள? அம்மாவும் அங்கதான் லேப்ல இருக்காங்க. நல்ல வேலையாச்சே, ஏன் விட்டீங்க?" நீ சிரிக்கவே இல்லை. "எனக்கு அந்த வேலை தெரியாதுங்க மாமா. தெரிஞ்ச மாதிரி பேசி நாலு குடும்பத்தோட ஒரு போகத்தையே அழிச்சுட்டேன். அதான் விட்டுட்டேன்" என்றாய். நான் காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அவர் உன் தோளைத் தட்டி, "மறைக்காம சொல்றீங்க பாருங்க, அது போதும் எங்களுக்கு" என்றார். மறைக்கிறவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அவர்கள் போன பிறகு உன் அப்பா, "இவன் ஏன்டி தன்னைத் தானே செருப்பால அடிச்சுக்குறான்?" என்று கேட்டார். ஊர்க் கண் பட்டிருக்கும், சுற்றிப் போடுகிறேன் என்றேன். மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றியும் போட்டேன். இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன இருக்கிறது?

முரளி, நீ எந்தப் போகத்தையும் அழிக்கவில்லை. தளிப் பக்கம் அந்த பீன்ஸ் முளைகள் கழுத்து மடங்கி விழுந்ததற்கு நீ சொன்ன விதைநேர்த்தி மருந்து காரணம் இல்லை. அவர்கள் தண்ணீர் விட்டதும் காரணம் இல்லை. அந்த விதை செடியிலேயே பட்டினி கிடந்த விதை. மூட்டை வெளியே போவதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். தெரிந்தே பாஸ் என்று கையெழுத்துப் போட்டேன்.

விதை எப்படிப் பட்டினி கிடக்கும் என்று நீ கேட்பாய். ஃபீல்டு ஆபீசருக்கே அதை யாரும் சொல்லித் தரவில்லை. விற்கச் சொன்னார்கள், விற்றாய். நீ என் வயிற்றில் இருந்த கதையிலிருந்து ஆரம்பித்தால் உனக்குச் சுலபமாகப் புரியும். அப்போது எனக்குச் சோறு இறங்காது, பால் இறங்காது, உன் அப்பா ஆசையாக வாங்கி வந்த மசால் தோசையைப் பார்த்தாலே குமட்டும். நாக்கு கேட்டதெல்லாம் பல்பம்தான். ஸ்லேட்டில் எழுதுகிற பல்பம். டப்பா டப்பாவாக வாங்கிக் கடித்துத் தின்பேன். மூலைக் கடைக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏம்மா, எத்தன பசங்க உங்களுக்கு? எழுதி எழுதி இப்டித் தீத்துடுறாங்களே?" என்று கேட்டார். நாலு என்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் நாக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "உடம்புல சுண்ணாம்புச் சத்து இல்ல, அதான் இந்தப் புத்தி. நீ ஒழுங்கா சாப்பிடலன்னா குழந்தை உன் எலும்புல இருந்து எடுத்துக்கும், தெரியுமா?" என்று திட்டினார். நீயும் எடுத்துக்கொண்டாய். உனக்கு ஒரு வயது ஆவதற்குள் என் கடைவாய்ப் பற்கள் இரண்டு போயின. இன்றைக்கும் முறுக்கு தின்னும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன், போ.

மனுஷிக்கு அந்த வழியாவது இருக்கிறது. தன்னிடம் இல்லாவிட்டாலும் எலும்பைக் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள். பீன்ஸ் செடிக்கு அது முடியாது. இலைக்குப் போய்ச் சேர்ந்த சுண்ணாம்புச் சத்தைத் திருப்பி எடுத்துக் காய்க்குக் கொடுக்க அதற்கு வழி இல்லை. காய் பிடிக்கிற நாட்களில் வேர் மண்ணிலிருந்து எதைக் கொண்டுவருகிறதோ அதுதான் விதைக்கு. அந்தச் சமயத்தில் மண்ணில் இல்லையென்றால் செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், காயும் காய்க்கும், விதையும் பளபளவென்று வரும். எடை போட்டால் குறையாது. கையில் அள்ளிப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதை முளைக்கப் போட்டால் வேர் விடும், விதையிலை இரண்டும் மேலே வரும். ஆறாம் நாள், ஏழாம் நாள் வாக்கில் விதையிலைக்குச் சற்றுக் கீழே தண்டு நீர் கோத்தது மாதிரி ஆகி, பழுப்பு ஏறி, மடங்கும். பார்க்கிறவர்கள் அழுகல் நோய் என்பார்கள். பூஞ்சை ஒன்றும் இருக்காது. தாய்ச் செடி கொடுத்தனுப்பாத சுண்ணாம்பு அந்தக் கழுத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நம் கம்பெனி பீன்ஸ் விதை எடுப்பது அத்திபெலேக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு நிலத்தில்தான் என்று உனக்குத் தெரியும். முன்பெல்லாம் அங்கே உழும்போது சுண்ணாம்பு போடுவார்கள், பூக்கிற நேரத்தில் ஜிப்சம் வைப்பார்கள். நாகராஜ் சார் மேனேஜராக வந்த பிறகு அதெல்லாம் நின்றது. வருடத்துக்கு இரண்டு தடவை அதே நிலத்தில் அதே பயிர். யூரியா மட்டும் தாராளமாக. செடி ஓங்கி வளர்ந்ததைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். நான் லேபில் உட்கார்ந்து விதையைப் பார்க்கிறவள், நிலத்தைப் பார்க்கிறவள் இல்லை. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. காரணம், என் லேபில் எல்லா லாட்டும் நன்றாகத்தான் முளைத்தது.

ஏன் முளைத்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் விதையை ஈரக் காகிதத்தில் வரிசையாக அடுக்கி, பாய் மாதிரி சுருட்டி, நிற்க வைத்து, ஒன்பதாம் நாள் பிரித்து எண்ணுவோம். அந்தக் காகிதத்தை நனைக்க இருபது வருடமாக லேபுக்குப் பின்னால் இருக்கும் போர்வெல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும், சோப்பு நுரைக்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் லேபுக்கு ஆர்ஓ வைத்தார்கள். சுத்தமான தண்ணீர், நானே கேட்டு வாங்கியது. அதில் நனைத்துப் போட்ட முதல் பீன்ஸ் லாட்டை ஒன்பதாம் நாள் பிரித்தபோது பாதிக்கு மேல் கழுத்து மடங்கிக் கிடந்தது. என்கூட லேபில் வேலை செய்யும் மஞ்சுளா பயந்துபோய், "அக்கா, நம்ம பேப்பர்ல விஷம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். நான் அதே மூட்டையிலிருந்து மறுபடி விதை எடுத்து, பாதியை ஆர்ஓவிலும் பாதியைப் போர்வெல் தண்ணீரிலும் போட்டேன். ஆர்ஓவில் போட்டது விழுந்தது. போர்வெல்லில் போட்டது நிமிர்ந்து நின்றது. மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பியூசி கூட முடிக்காதவள், ஒரு கண்டுபிடிப்பு செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. கடின நீரில் இருந்த சுண்ணாம்பை முளை உறிஞ்சிக்கொண்டது. அப்படியானால் விதைக்குள் இல்லை. அப்படியானால் அந்த நிலத்தில் இல்லை.

அந்தப் பெருமையில்தான் நாசமாய்ப் போனேன். இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு நாகராஜ் சாரிடம் ஓடினேன். நிலத்துக்கு உடனே சுண்ணாம்பு போடச் சொல்வார், இந்த லாட்டை நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு சிரித்தார். "அட, அப்போ நீங்க போர்வெல் தண்ணியிலயே போடுங்கம்மா. ஆர்ஓ வேணும்னு நீங்கதானே கேட்டீங்க? சும்மனே தலை கெடுத்துக்குறீங்க" என்றார். சார், விதையில சத்து இல்ல என்றேன். "விவசாயிங்க ஆர்ஓ தண்ணியா பாய்ச்சுறாங்க? மண்ணு இருக்கு, அது குடுக்கும். இந்த சீசன் போச்சுன்னா லேபை மூடிட்டு சாம்பிளை வெளிய அனுப்புன்னு ஓனர் சொல்லிட்டார். உங்க கூட இருக்குற நாலு பொண்ணுங்களும் மனைக்குப் போக வேண்டியதுதான். நீங்களே ஹேளிம்மா" என்றார். நீங்களே சொல்லுங்கள் என்கிறார், நான் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

இதில் இன்னொரு சூது இருக்கிறது, அதை நான் உன்னிடம் ஒளிக்கக் கூடாது. சுண்ணாம்புத் தண்ணீரில் திரும்பப் போட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் தப்பே இல்லை. கழுத்து மடங்கினால் அது நோயா, பட்டினியா என்று தெரிந்துகொள்ள அப்படிப் பார்க்கலாம். ஆனால் பார்த்தால் ரிப்போர்ட்டில் கடைசியில் இருக்கும் ரிமார்க்ஸ் கட்டத்தில் ஒரு வரி எழுத வேண்டும், இன்ன தண்ணீரில் போட்டபோது இவ்வளவு முளைத்தது என்று. அந்த ஒரு வரியைப் படித்தால் விஷயம் தெரிந்த எவனும் அந்த விதையைத் தொட மாட்டான், அல்லது சுண்ணாம்பு போட்டுவிட்டு விதைப்பான். நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பொய் ஒன்றும் எழுதவில்லை, எண்ணிய எண்ணிக்கையைத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "அக்கா, ரிமார்க்ஸ் எழுதலையே" என்றாள் மஞ்சுளா. அது நான் பாத்துக்குறேன், நீ போய்ச் சாப்பிடு என்றேன்.

அந்த லாட்டைத்தான் நீ பைக்கில் ஊர் ஊராகப் போய் விற்றாய். "எங்க அம்மா கையால டெஸ்ட் பண்ணது, கண்ண மூடிட்டுப் போடுங்க" என்று சொல்லி விற்றதாக நீயே என்னிடம் பெருமையாகச் சொன்னாய். நான் உனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். அப்போதே சொல்லியிருந்தால் மூட்டைகள் பிரிக்காமல் திரும்பியிருக்கும். எங்கேயாவது மண்ணில் சுண்ணாம்பு இருந்து பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். சில இடத்தில் பிழைத்தது, நிஜம்தான். தளியில் ருக்மணியம்மா உள்பட அந்த நாலு குடும்பத்தின் நிலமும் மழையில் கழுவிப்போன செம்மண், பாய்ச்சுவதும் ஏரியில் தேங்கிய மழைத் தண்ணீர். அங்கே பிழைக்கவில்லை.

அன்றைக்கு வயலில் நின்றுகொண்டு எனக்கு போன் பண்ணினாயே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "அம்மா, மொளைச்சு மேல வந்துடுச்சும்மா, ஆனா எல்லாம் கழுத்து முறிஞ்சு கெடக்குது. ருக்மணியம்மா அழுவுறாங்க. இது என்ன நோய்மா? நீ சொன்னா அப்டியே சொல்லிடுறேன்" என்றாய். அந்த ஒரு நிமிடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மஞ்சுளா பக்கத்தில் இருந்தாள், நாகராஜ் சாரின் அறைக் கதவு திறந்திருந்தது. "தண்ணி ஜாஸ்தியா விட்டிருப்பாங்கடா. விதைநேர்த்தி மருந்து அளவு கூடிப்போச்சான்னு கேளு" என்றேன். நீ நம்பினாய். அவர்களிடமும் அப்படியே சொன்னாய். அதற்கு அந்த அம்மா என்ன சொன்னார்கள் என்று நீதான் வீட்டுக்கு வந்து சொன்னாய்: "எனக்கா தம்பி தண்ணி விடத் தெரியாது? நீ பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து பீன்ஸ் போடுறேன். மருந்து நீதானே கலக்கச் சொன்ன?" அன்றிலிருந்து நீ மருந்து டப்பாவின் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தாய். அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டேனோ, தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நீ சரியாகத்தான் சொன்னாய், முரளி. இரண்டே மாதத்தில் வேலையை விட்டாய். ஷிஃப்ட் வேலையாக ஒரு வேர்ஹவுசில் சேர்ந்து, பெட்டி மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறாய். யாராவது எதையாவது யோசனை கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாய். எதிலும் மூக்கை நுழைத்து யோசனை சொல்லுகிற பிள்ளை நீ. ஐந்து வயதில் லேத்துக்கு எண்ணெய் போடச் சொல்லி உன் அப்பாவுக்கே புத்தி சொன்னவன்.

அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். புலி வாலைப் பிடித்த கதை. முதல் கையெழுத்தை ஒப்புக்கொண்டால், அதற்கு முன்னால் போர்வெல் தண்ணீரில் பாஸ் பண்ணிய அத்தனை லாட்டையும் தோண்டுவார்கள். அந்தக் காலத்தில் எனக்கே தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதன் பிறகு வந்த ஒவ்வொரு சீசனிலும் அதே நிலத்து விதை வந்தது. இந்தத் தடவை ரிமார்க்ஸ் எழுதினால் போன தடவை ஏன் எழுதவில்லை என்ற கேள்வி வரும். அதனால் மறுபடி எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் கதவுக்கு இன்னொரு பூட்டு போட்டேன், உள்ளே நின்றுகொண்டு. சில சீசனில் மழை நன்றாக இருந்து, விவசாயிகள் தாங்களே சுண்ணாம்பு போட்டு, பெரிய புகார் வராமல் போனது. அது எனக்குத் தைரியம் கொடுத்தது என்று நினைக்காதே. ஈரக் காகித வாசனை இப்போதெல்லாம் எனக்கு ஆகவில்லை. ரிட்டயர் ஆகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். போன மாதம் நாகராஜ் சார், "இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் வாங்கிட்டேன்மா உங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வேறு யாரும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தேங்க்ஸ் சார் என்றேன்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். இந்த சீசன் லாட் போன மாதம் என் மேஜைக்கு வந்தது. நான் யாருக்கும் சொல்லாமல் முதலில் ஆர்ஓவில் போட்டேன். ஒன்பதாம் நாள் பிரித்தபோது இதுவரை இல்லாத மோசம். நிமிர்ந்து நின்றதை எண்ணுவது சுலபமாக இருந்தது, அவ்வளவு குறைவு. பிறகு போர்வெல்லில் போட்டேன், அது பாஸ். ஞாயிற்றுக்கிழமை நீ கவிதாவின் அப்பாவிடம் அப்படிப் பேசினாய். ராத்திரி முழுக்க யோசித்து முடிவு செய்து வைத்திருந்தேன், இனிமேல் முடியாது, திங்கட்கிழமை அந்த வரியை எழுதியே தீருவேன் என்று. திங்கட்கிழமை காலை நாகராஜ் சார் என் மேஜைக்கே வந்தார். "மகனுக்குக் கல்யாணமாமே? ஓனர் பத்திரிகை கேட்டார்மா, கட்டாயம் வர்றேன்னார்" என்றார். பேனாவை அவரே மூடியைத் திறந்து நீட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆமாம் முரளி, நேற்று முன்தினம். மூன்று வருடத்துக்கு முன்னால் செய்த தப்பை மட்டும் சொல்லி அழுதுவிட்டு உன்னிடம் மன்னிப்பு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அது நடக்காது. சனிக்கிழமை காலை அத்திபெலே குடோனிலிருந்து அந்த மூட்டைகள் லாரியில் ஏறுகின்றன. தளிக்கும் போகிறது.

நேற்று லீவு போட்டுவிட்டு விதை ஆய்வாளர் ஆபீசுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, ஒரு மணி நேரம். வாசலில் உட்கார்ந்திருந்த ஆள், "யாரும்மா பேக்கு?" என்று கன்னடத்தில் கேட்டார், யாரைப் பார்க்க வேண்டுமென்று. இந்த வாயாடிக்கு வாய் வரவில்லை. அவர் திரும்பக் கேட்டார். நான், டாய்லெட் எல்லிதே என்று கேட்டேன். அவர் கை காட்டினார். போனேன், முகம் கழுவினேன், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். உன் அப்பாவிடம் கல்யாண வேலையாக அலைந்தேன் என்று சொன்னேன். என்னால் அந்த வாசலைத் தாண்ட முடியாது, அது எனக்கு நேற்றே தெரிந்துவிட்டது.

உனக்குச் சொல்ல நினைத்த புத்திமதிகள் எவ்வளவோ இருந்தன. கல்யாணமாகப் போகிற பிள்ளைக்கு எல்லா அம்மாவும் சொல்வதுதான். கவிதா முழுகாமல் இருக்கும்போது அவள் நாக்கு எதையாவது தாறுமாறாகக் கேட்டால் சிரிக்காதே, ஏன் கேட்கிறது என்று பார். குழந்தைக்கு வேண்டியதை அவளுக்குக் கொடு, அப்போதே கொடு. பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப் போடாதே. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, பளபளப்பை விற்றவள் நான். ஆபத்தில் நின்றுகொண்டு உன் பிள்ளை உனக்கு போன் பண்ணினால், யார் பக்கத்தில் இருந்தாலும் உண்மையைச் சொல். இது ஒன்றை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். நான் அன்றைக்குச் சொல்லாத அந்த ஒரு வாக்கியத்தால் உன் வாழ்க்கையில் மூன்று வருடம் போய்விட்டது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் முரளி. அம்மா கேட்டால் பிள்ளை மன்னித்தாக வேண்டும் என்பதெல்லாம் இல்லை. நிதானமாக யோசி, மன்னிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். ஆர்ஓவில் போட்டபோது நான் என் கையால் எண்ணி எழுதிய தாள், லாட் நம்பரோடு. யாருக்கும் தெரியாமல் ரவிக்கைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உனக்கு மத்தியானம் ஷிஃப்ட். காலையில் அந்த ஆபீசுக்குப் போனால், வாசலில் யாரும்மா பேக்கு என்று கேட்பார்கள் இல்லையா, நீ வாய் திறந்து சொல்லிவிடுவாய். உனக்கு அந்தத் தைரியம் உண்டு, செய்யாத தப்பையே மாமனாரிடம் ஒப்புக்கொண்டவன் நீ. போனால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் மாப்பிள்ளையின் அம்மாவை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். விவேக் நகரில் பேசுவார்கள். கவிதாவின் அப்பா என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது. மஞ்சுளாவும் மற்ற மூன்று பெண்களும் என்னைச் சபிப்பார்கள். ஆனால் முதலில் ருக்மணியம்மாவுக்கு ஒரு போன் பண்ணு. தண்ணி அவங்க ஒழுங்காத்தான் விட்டாங்கன்னு சொல்.

உன்னை விடுவிக்க எழுதுகிறேன் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது பார்த்தால் உன்னையும் இதற்குள் இழுத்து விட்டிருக்கிறேன். படித்த பிறகு, தெரியாது என்று நீ யாரிடமும் சொல்ல முடியாது. நீ போகாமல் இருந்துவிட்டாலும் ஏன் போகவில்லை என்று நான் கேட்க மாட்டேன். லாரி கிளம்பும், கல்யாணம் நடக்கும், ஓனர் வந்து அட்சதை போடுவார், நாம் இரண்டு பேரும் போட்டோவில் சிரிப்போம். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததால் சொல்கிறேன்: போ.

கடிதத்தின் முடிவில் எப்போதும் போல அம்மா என்று மட்டும் எழுதத்தான் ஆசை. அப்படி எழுதினால் இது எந்த ஆபீசிலும் செல்லாது. அதனால் கீழே என் முழுப் பெயரையும், என் வேலையையும், இன்றைய தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.